திருவனந்தபுரத்தில் திரைப்பட விழாவும் புத்தக விழாவும்: முதன்முறை செல்வோருக்கு

கேரள சர்வதேசத் திரைப்பட விழா ஆண்டுதோறும் டிசம்பரில் எட்டு நாட்கள் திருவனந்தபுரத்தில் நடக்கிறது. அது முடிந்த சில வாரங்களில், ஜனவரியில், அதே நகரத்தின் சட்டமன்ற வளாகத்தில் புத்தக விழா கூடுகிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் இலக்கிய விழா ஒன்று வருகிறது. இடையில் கோழிக்கோட்டுக் கடற்கரையிலும் ஒரு விழா உண்டு. இந்த மூன்று மாதப் பருவத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து உதவி இயக்குநர்களும், காட்சித் தொடர்பியல் மாணவர்களும், சிறுபத்திரிகை வாசகர்களும் ஆண்டுதோறும் சென்று வருகிறார்கள். நாகர்கோவிலில் இருப்பதால் எனக்கு அது இரண்டு மணி நேரப் பயணம். போகலாமா என்று கேட்டுவிட்டு, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எழுத்தும் சினிமாவும் கேரளத்தில் ஒன்றின் தோளில் மற்றொன்று கைபோட்டுக்கொண்டு வளர்ந்தவை. வைக்கம் முகம்மது பஷீர் 1964-இல் தம் கதைக்குத் தாமே திரைக்கதை எழுதினார். எம்.டி. வாசுதேவன் நாயரும் பத்மராஜனும் எழுத்தாளர்களாக இருந்துகொண்டே இயக்குநர்களானார்கள். 1945-இல் பி.என். பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கமும், 1965-இல் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் நிறுவிய சித்ரலேகா பிலிம் சொசைட்டியும் ஊர் ஊராக ஒரு வாசக, பார்வையாளக் கூட்டத்தை உருவாக்கின. விழா வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நேற்றுப் பார்த்த ஈரானியப் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்பார். அவர் அந்தக் கூட்டத்தின் பிள்ளை.

விவரங்களுக்குள் போகும் முன் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா அறிவுரையும் இதிலிருந்துதான் வருகிறது: மீண்டும் பார்க்கவோ வாங்கவோ கிடைக்காததற்கே முதலிடம் கொடுங்கள். பெரும் பரிசு பெற்ற படம் பின்னால் எங்காவது வந்துவிடும். பெரிய பதிப்பகத்தின் புத்தகம் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். அவற்றுக்காக அந்த எட்டு நாட்களைச் செலவழிக்க வேண்டாம்.

அக்டோபர், நவம்பரில் செய்ய வேண்டியவை

திரைப்பட விழாவை நடத்துவது கேரள மாநில சலச்சித்ர அகாதமி, அதாவது மாநில அரசின் திரைப்பட அகாதமி. முதல் விழா 1996-இல் கோழிக்கோட்டில், மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியில் நடந்தது. 1998-இல் அகாதமி அமைந்த பிறகு பொறுப்பு அதன் கைக்கு வந்தது. டெலிகேட் பதிவு, அதாவது பார்வையாளராகப் பதிந்துகொள்வது, வழக்கமாக நவம்பரின் பிற்பாதியில் இணையவழியில் திறக்கும். அண்மைய ஆண்டுகளில் கட்டணம் ஜிஎஸ்டி சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 1,180 ரூபாயாகவும் மாணவர்களுக்கு 590 ரூபாயாகவும் இருந்தது. எட்டு நாளுக்கும், எல்லாத் தியேட்டருக்கும் இந்த ஒரே கட்டணம்தான். பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்யும் விழா என்பதால், பதிவு திறந்த முதல் ஓரிரு நாட்களிலேயே முடித்துவிடுவது நல்லது. புகைப்படம், அடையாள அட்டையின் நகல், மாணவராக இருந்தால் கல்லூரிச் சான்று ஆகியவற்றை முன்கூட்டியே கைப்பேசியில் சேமித்து வைத்திருங்கள். விழாவில் தணிக்கைச் சான்று பெறாத படங்கள் சிறப்பு விலக்குடன் திரையிடப்படுவதால் 18 வயது நிறைந்தவர்களுக்கே அனுமதி. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் எண்ணம் இருந்தால் அதை ஜனவரிப் புத்தக விழாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் டிக்கெட்டை டெலிகேட் பதிவுக்காகக் காத்திருக்காமல் எடுக்க வேண்டும். கார்த்திகை முதல் நாளிலிருந்து டிசம்பர் கடைசி வரை சபரிமலை மண்டல காலம். கேரளம் நோக்கிச் செல்லும் எல்லா ரயில்களும் நிரம்பி வழியும் நாட்கள் அவை. முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது என்பதால் அக்டோபர் நடுவிலேயே இதைச் செய்துவிடலாம். விழாத் தேதி அதற்குள் பெரும்பாலும் அறிவிக்கப்பட்டிருக்கும். சென்னையிலிருந்து செல்வோருக்கு மதுரை, திருநெல்வேலி வழியாக அனந்தபுரி எக்ஸ்பிரஸும், சேலம், பாலக்காடு வழியாகத் திருவனந்தபுரம் மெயிலும் இருக்கின்றன. திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். தென் மாவட்டத்தவர் நாகர்கோவில் வரை வந்துவிட்டால் அங்கிருந்து பேருந்து எப்போதும் கிடைக்கும்.

எங்கே தங்குவது

விழாத் தியேட்டர்கள் நகரத்தில் இரண்டு கொத்துகளாக அமைந்திருக்கின்றன. ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் ஒட்டிய தம்பானூர்ப் பகுதியில் ஒரே வளாகத்துக்குள் கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று அரங்குகள். பக்கத்திலேயே நியூ தியேட்டர், ஏரீஸ்பிளெக்ஸ். சற்றுத் தள்ளிக் கிழக்கேகோட்டையில் ஸ்ரீ பத்மநாபா. இது முதல் கொத்து. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் வடக்கே வழுதக்காட்டில், விழாவின் தலைமையிடமான தாகூர் தியேட்டரும், நடக்கும் தொலைவில் கலாபவனும் இருக்கின்றன. இவை இரண்டாவது கொத்து. கனகக்குன்னில் உள்ள நிஷாகந்தி, பக்கங்கள் திறந்திருக்கும் பேரரங்கு. அங்கே மாலைக்குப் பிறகுதான் திரையிடல். தம்பானூரில் தங்குவதே புதியவருக்கு வசதி; முதல் காட்சிக்கு நடந்தே போய்விடலாம், நள்ளிரவில் திரும்பும்போதும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். ஓட்டல் அறைகள் விழா வாரத்தில் விலை ஏறும் என்பதால், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து லாட்ஜில் பெரிய அறை எடுப்பவர்களே அதிகம்.

சென்று இறங்கியதும் பையை அறையில் வைத்துவிட்டு நேரே தாகூர் தியேட்டருக்குப் போய்ப் பாஸை வாங்குங்கள். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும். பாஸுடன் அந்த ஆண்டின் துணிப்பை, படங்களைப் பற்றிய புத்தகம், நாள்வாரி நேர அட்டவணை ஆகியவற்றைத் தருவார்கள். தொடக்க நாளன்று அங்கே கூட்டம் மிகுதியாக இருக்கும். முதல் நாளுக்கு முன்தினமே போய்ச் சேர முடிந்தால் வரிசையில்லாமல் வாங்கிக்கொண்டு, மிச்சமிருக்கும் மாலையை அடுத்த வேலைக்கு, அதாவது அட்டவணையைப் படிப்பதற்குச் செலவிடலாம்.

அட்டவணையைப் படிக்கும் முறை

விழாவின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு மணி நேரத்தில்தான் தீர்மானமாகின்றன. முதன்முறை நான் போனபோது, ஐரோப்பிய விழா ஒன்றில் பரிசு வென்ற படத்துக்காகக் கைரளி வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். எனக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போது அரங்கு நிறைந்துவிட்டது. அதே வளாகத்தில் அடுத்த அரங்கில், பாதி நாற்காலிகள் காலியாக, ஆப்பிரிக்க நாடு ஒன்றின் முதற்பட இயக்குநருடைய படம் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்று தோற்ற படம் நான்கு மாதத்தில் ஓடிடிக்கு வந்துவிட்டது. அந்த ஆப்பிரிக்கப் படத்தை இன்றுவரை எங்கும் என்னால் பார்க்க முடியவில்லை. மேலே சொன்ன விதியை நான் அந்த வாசலில்தான் கற்றுக்கொண்டேன்.

ஆகவே அட்டவணையைக் கையில் எடுத்ததும் முதலில் சர்வதேசப் போட்டிப் பிரிவுக்குப் போங்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் படங்களுக்கு மட்டுமே இப்பிரிவு உரியது. 14 படங்கள் இருக்கும், அவற்றில் மலையாளப் படங்களும் பிற இந்திய மொழிப் படங்களும் அடங்கும். சிறந்த படத்துக்கு 20 லட்சம் ரூபாயுடன் சுவர்ண சகோரம் என்னும் விருது வழங்கப்படுகிறது. விழாவின் தன்மையைத் தாங்கி நிற்பது இந்தப் பிரிவுதான், ஏனென்றால் குறைந்த பணத்தில், பெரிய வணிக நிறுவனங்களின் துணையின்றி எடுக்கப்பட்ட சுயாதீனப் படங்களுக்கு இந்தியாவில் இத்தனை பெரிய பார்வையாளர் கூட்டம் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. போட்டிப் படங்களுக்கு டெலிகேட்டுகள் வாக்களித்துப் பார்வையாளர் விருதும் தருகிறார்கள். அந்த வாக்கைத் தவறாமல் போடுங்கள். அடுத்து 'இந்தியன் சினிமா நவ்', 'மலையாளம் சினிமா டுடே' ஆகிய இரண்டு பிரிவுகளையும் பாருங்கள். இவற்றில் வரும் படங்களில் பல, விழாவுக்குப் பிறகு ஒரு வாரமேனும் தியேட்டரில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை. இயக்குநரும் நடித்தவர்களும் பெரும்பாலும் அரங்கிலேயே இருப்பார்கள் என்பது இன்னொரு காரணம். ஒரு இயக்குநரின் பழைய படங்களை வரிசையாகக் காட்டும் ரெட்ரோஸ்பெக்டிவில், மீட்டெடுக்கப்பட்ட, அதாவது சேதம் நீக்கிப் புதுப்பித்த, பிரதி என்று குறிப்பிட்டிருந்தால் மட்டும் பெரிய திரைக்காகவே போகலாம். 'உலக சினிமா' பிரிவைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். மிகுந்த கூட்டமும் அங்கேதான், பின்னாளில் எளிதில் கிடைக்கும் படங்களும் அங்கேதான்.

பேனாவை எடுத்து, கட்டாயம் பார்க்க வேண்டியதைச் சுற்றி வட்டமிடுங்கள். கிடைத்தால் பார்க்கலாம் என்பதற்கு ஒரு கோடு போதும். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதன் நிமிடக் கணக்கை எழுதுங்கள். இது சிறிய வேலையாகத் தோன்றினாலும் நாள் முழுவதையும் காப்பாற்றும். காலை 9 மணிக்குக் கைரளியில் 110 நிமிடப் படம் என்று வைத்துக்கொள்வோம். அது 10.50-க்கு முடிகிறது, இயக்குநருடன் உரையாடல் இருந்தால் 11.05. அடுத்த படம் தாகூரில் 11.30-க்கு என்றால், ஆட்டோ கிடைத்து, பாளையம் சந்திப்பின் நெரிசலைக் கடந்து நீங்கள் போய்ச் சேரும்போது வரிசை சாலை வரை வந்திருக்கும். அதற்குப் பதிலாக ஸ்ரீயிலோ நிளாவிலோ அதே நேரத்தில் ஓடும் படத்தைத் தேர்ந்தெடுத்தால் படியிறங்கி ஏறினால் போதும். போட்டிப் படங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட திரையிடல்கள் இருப்பதால் தாகூரில் விட்டதை மறுநாள் வேறு அரங்கில் பிடித்துவிடலாம். காலை முழுவதும் ஒரு கொத்து, மதிய உணவுக்குப் பிறகு மற்றக் கொத்து, இரவுக்கு நிஷாகந்தி: நாளுக்கு ஒருமுறைக்கு மேல் இடம் மாறாதீர்கள்.

ஒரு நாளில் ஐந்து காட்சிகள் இருக்கும். ஐந்தையும் பார்ப்பவர்கள் உண்டு. புதியவர் மூன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மிகுந்தால் நான்கு. ஐந்தாவது படத்தில் கண் திறந்திருக்கும். ஆனால் காலையில் பார்த்த படத்தின் முகங்கள் இரவுப் படத்துக்குள் வந்து நின்றுகொள்ளும். ஒவ்வொரு படம் முடிந்ததும் அட்டவணையின் ஓரத்திலேயே இரண்டு வரி எழுதிவைத்தால், ஊர் திரும்பிய பிறகும் அவை தனித்தனியாக நினைவில் நிற்கும்.

காலையில் கைப்பேசி, பிறகு வரிசை

இருக்கைகளில் ஒரு பகுதியை முந்தைய நாளே விழாவின் செயலி அல்லது இணையதளம் வழியாக ரிசர்வ் செய்ய வேண்டும். காலையில் அது திறக்கும் நேரத்தை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்து, ஐந்து நிமிடம் முன்பே உள்நுழைந்து காத்திருங்கள். விரும்பப்படும் படங்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முந்தின மாலையிலேயே, ரிசர்வ் செய்யப்போகும் நாளுக்கான வட்டங்களை முன்னுரிமைப்படி எண்ணிட்டு வைத்திருந்தால் அந்த நிமிடங்களில் தடுமாற மாட்டீர்கள். ரிசர்வ் செய்தும் போக முடியாது என்று தெரிந்தால் உடனே ரத்து செய்துவிடுங்கள். வாசலில் ஒருவர் அந்த ஒரு நாற்காலிக்காக நின்றுகொண்டிருப்பார்.

ரிசர்வ் கிடைக்காதவர்களுக்கு வரிசை இருக்கிறது. முற்பகல் காட்சிகளுக்கு அரை மணி நேரமும், பெயர் பெற்ற இயக்குநரின் படத்துக்கு ஒரு மணி நேரமும் முன்னதாகப் போக வேண்டும். மூத்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை நுழைவு உண்டு. அவர்களுடன் செல்பவர்கள் வாசலில் நிற்கும் தன்னார்வலரிடம் சொன்னால் வழிகாட்டுவார்கள். பொதுவான அறிவிப்புகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழில் நிதானமாகப் பேசினால் எல்லாருக்கும் புரியும். "சேட்டா" என்றோ "சேச்சி" என்றோ தொடங்கினால் இன்னும் எளிது. மத்திய அரசின் விலக்கு அனுமதி தாமதமாவதால் கடைசி நேரத்தில் சில படங்கள் மாற்றப்படுவதுண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். காலையில் ஒருமுறை மாற்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்ல பழக்கம்.

பையில் ஒரு குடை, ஒரு மெல்லிய சால்வை, தண்ணீர் பாட்டில். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் மாலையில் எட்டிப்பார்க்கும், ஏசி அரங்குகளில் மூன்றாவது படத்துக்குள் குளிர் உறைக்கும். எல்லாப் படங்களுக்கும் துணைவரிகள் ஆங்கிலத்தில், திரையின் அடியில் வருவதால், முன்னால் இருப்பவரின் தலை மறைக்காத இடமாக, நடைபாதையை ஒட்டி உட்காருங்கள். துணைவரி வேகத்துக்குப் பழகாதவர்கள் முதல் நாளில் உரையாடல் குறைந்த படமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இடைவேளையில் எங்கே இருப்பது

தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டிச் செங்கல் நிறத்தில் உருளையாக எழும் கட்டடம்தான் இந்தியன் காஃபி ஹவுஸ். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தது. உள்ளே தனித்தனி மாடிகள் கிடையாது. தரையே சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது, மேசைகள் சரிவின் ஓரமாக வரிசையாக நிற்கின்றன, தலைப்பாகை கட்டிய பரிமாறுநர் காபித் தட்டுடன் அந்தச் சரிவில் ஏறி வருகிறார். மசால் தோசைக்குள் உருளைக்கிழங்குடன் பீட்ரூட் சேர்ந்து சிவப்பாக இருக்கும். முதன்முறை சாப்பிடுபவர்கள் திகைக்க வேண்டாம். விழா நாட்களில் இங்கே மேசையைப் பகிர்ந்துகொள்வது வழக்கம், கழுத்தில் பாஸ் தொங்கும் எவரிடமும் "என்ன படம் பார்த்தீர்கள்?" என்று கேட்கலாம். எனக்குக் கிடைத்த நல்ல பரிந்துரைகளில் பாதி இந்தச் சரிவில் கிடைத்தவை.

தாகூர் வளாகத்தில் பிற்பகலில் ஓபன் ஃபோரம் நடக்கும். இயக்குநர்களும் பார்வையாளர்களும் நேருக்கு நேர் பேசும், சில சமயம் சண்டையிடும் இடம். இயக்குநர் அரவிந்தன் நினைவுச் சொற்பொழிவு போன்ற நிகழ்ச்சிகளும் உண்டு. குறும்படமோ முதற்படமோ எடுக்க நினைப்பவர் ஒரு படத்தைக் குறைத்துக்கொண்டாவது இவற்றில் இரண்டுக்குப் போக வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்; பணம் எப்படிச் சேர்ந்தது, எத்தனை நாளில் எடுத்தார்கள், ஒலிக்கு யார் உதவினார்கள் என்பதெல்லாம் திரையில் தெரிவதில்லை.

ஜனவரியும் பிப்ரவரியும்

கேரள சட்டமன்றத்தின் சர்வதேசப் புத்தக விழா 2023 ஜனவரியில் தொடங்கியது. சட்டமன்ற நூலகத்தின் நூற்றாண்டையொட்டி எழுந்த யோசனை அது. பிற நாட்களில் அனுமதிச் சீட்டின்றி நுழைய முடியாத வளாகம் அந்த ஒரு வாரம் எல்லாருக்கும் திறந்திருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் பேருந்து பேருந்தாக வந்து இறங்குகிறார்கள். டெலிகேட் பாஸ் போன்ற ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பிள்ளைகளின் கூட்டம் குறையும் மாலை நேரம் புத்தகம் பார்க்க நல்லது.

முதல் சுற்றில் எதையும் வாங்காதீர்கள். ஒரு முறை முழுவதும் நடந்து, சிறு பதிப்பகங்களின் அரங்கு எண்களைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் சுற்றில் வாங்குங்கள். மலையாளம் வாசிக்காதவர்கள் இங்கே தேட வேண்டியவை மூன்று: ஆங்கில மொழிபெயர்ப்பில் வந்த மலையாளக் கதைகள், அச்சிட்ட திரைக்கதைகளும் சினிமா நூல்களும், கேரள பாஷா இன்ஸ்டிட்யூட் போன்ற அரசு நிறுவனங்களின் குறைந்த விலைப் பதிப்புகள். எழுத்தாளர்களே கூட்டுறவாகச் சேர்ந்து 1945-இல் கோட்டயத்தில் தொடங்கிய சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவு சங்கத்தின் நூல்களையும் பாருங்கள். எழுதுபவர்களே பதிப்பாளர்களாக நின்று காட்டிய அந்த முயற்சியின் வரலாறு நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்குப் பயன்படும். மலையாள எழுத்து தமிழ் வாசகருக்கு ஒரு மாத உழைப்பில் பிடிபடக்கூடியது. நவம்பரில் ஒரு அரிச்சுவடியுடன் தொடங்கினால் ஜனவரியில் அட்டைத் தலைப்புகளைக் கூட்டிப் படிக்க முடியும். அருகிலேயே, பாளையத்தில், 1829-இல் நிறுவப்பட்ட மாநில மத்திய நூலகம் இருக்கிறது. அரை நாள் அதற்கும் ஒதுக்குங்கள்.

தமிழ் வாசகர்கள் கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குள் ஒருமுறை நடக்க வேண்டும். ஆ. மாதவன் அந்தத் தெருவில் கடை வைத்துக்கொண்டே, அதன் சுமைக்காரர்களையும் வியாபாரிகளையும் தமிழ்க் கதைகளாக்கினார். 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். நகுலனும் நீல பத்மநாபனும் எழுதிக்கொண்டிருந்த நகரமும் இதுதான். காலை எட்டரைக்கு, மூட்டைகள் இறங்கிக்கொண்டிருக்கும்போது போனால் தெருவின் இரண்டு மொழிகளும் காதில் விழும்.

பிப்ரவரித் தொடக்கத்தில் மலையாள நாளிதழான மாத்ருபூமி நடத்தும் எழுத்து விழா, டிசம்பரில் நீங்கள் நிஷாகந்தியில் படம் பார்த்த அதே கனகக்குன்னு வளாகத்தில், 2018 முதல் நடந்துவருகிறது. கோழிக்கோட்டுக் கடற்கரையில் கேரள இலக்கிய விழா 2016 முதல், வழக்கமாக ஜனவரியில் நான்கு நாட்கள். கோழிக்கோடு 2023-இல் யுனெஸ்கோவின் இலக்கிய நகரமாக அறிவிக்கப்பட்டது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பல மேடைகளில் அமர்வுகள் நடப்பதால் அட்டவணை விதி இங்கும் பொருந்தும்: தொலைக்காட்சியில் அடிக்கடி தோன்றுபவரின் மேடையை விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பாளர்களும் முதல் நாவல் எழுதியவர்களும் பேசும் சிறிய மேடைக்குப் போங்கள். அங்கே கேள்வி கேட்க நேரமும் இருக்கும், முடிந்த பிறகு நின்று பேச ஆளும் இருப்பார்.

ஆவணப்படங்களும் குறும்படங்களும்தான் உங்கள் ஆர்வம் என்றால், அவற்றுக்கென அகாதமி 2008 முதல் தனி விழா நடத்துகிறது; அது பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் கைரளி, ஸ்ரீ, நிளா வளாகத்தில் நடக்கும். கூட்டம் குறைவு, அரங்குகள் ஒரே இடத்தில், அப்போது சபரிமலை நெரிசலும் கிடையாது. டிசம்பர்க் கூட்டத்தை நினைத்துத் தயங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். படம் அனுப்ப விரும்புபவர்கள் அதற்கான அழைப்பு அகாதமியின் இணையதளத்தில் வருகிறதா என்று ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே பார்த்துவர வேண்டும்.